பின் சக்கரம் தரையில் இருக்கட்டும்: திற்பரப்பு அருகே ஒரு கேரவன் நகர்ந்த நிகழ்வு

கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கேரவனோடு வருகிறவர்களுக்கு முதல் சிக்கல் தண்ணீரோ கரண்டோ இல்லை, தரைதான். நாகர்கோவிலை விட்டு மேற்கே தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று போகப் போக எல்லாமே ஏற்றமும் இறக்கமும். ரோட்டுக்கு ஒரு பக்கம் வீடு தலைக்கு மேலே நிற்கும், மறுபக்கம் வீட்டின் ஓடு கண்ணுக்கு நேரே தெரியும். வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் மனையிலோ, ரப்பர் தோட்டத்தின் ஓரத்திலோ, கடற்கரைக்குப் பக்கத்தில் கிடைக்கிற காலி இடத்திலோதான் இரவு தங்குகிறார்கள். ஒரு வண்டி ராத்திரி முழுக்க மட்டமாக நிற்க வேண்டும் என்று யாரும் அந்த இடங்களை ஒழுங்கு செய்து வைத்திருப்பதில்லை.

நான் தக்கலைப் பக்கம் வேன்களுக்கு உள்வேலை செய்கிறவன். கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கேஸ் குழாய் இவையெல்லாம் என் தொழில். இங்கே எழுதுவது நான் பொருத்திய வண்டியைப் பற்றி அல்ல. ஓர் ஐப்பசி மாதக் காலையில் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டதால் போய்ப் பார்த்தது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் அன்று அங்கே நடந்தவற்றில் ஒன்றுகூட அபூர்வமானது இல்லை. ஒவ்வொன்றையும் நான் வேறு வேறு இடங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் முழுதாக எழுதி வைக்கிறேன்.

வண்டியும் இடமும்

17 பேர் உட்காரும் வகை வேன், கேரவனாக மாற்றியது. பின்னால் இரட்டை டயர், ஆக மொத்தம் 6 டயர். எஞ்சின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு ஏறக்குறைய 4 டன். அதில் பின் ஆக்ஸிலின் மேல் மட்டும் சுமார் 2.4 டன், ஏனென்றால் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் கட்டிலும் பின்பக்கம்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3.35 மீட்டர்.

குடும்பம் மதுரையில் இருந்து வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். திற்பரப்பு அருவியில் குளிப்பதுதான் திட்டம். தொடர்ந்து மழை, கோதையாற்றில் வெள்ளம், அருவியில் குளிக்கத் தடை. சரி, மழை விடும்வரை மாமா மனையில் இருப்போம் என்று குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் இடையில் இருந்த தாய்மாமா இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த இடம் மலைச்சரிவில் ஜேசிபி வைத்து வெட்டி எடுத்த வீட்டு மனை. எங்கள் பக்கம் மனை எப்படி உருவாகிறது என்று தெரியாமல் இந்த நிகழ்வு புரியாது. சரிவின் மேல்பக்கத்தை வெட்டுவார்கள். வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோனால் காசு, அதனால் அதே மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிப் பரப்புவார்கள். விளிம்பில் ஒரு கய்யாலை, அதாவது தடுப்புச் சுவர், கட்டுவார்கள். பார்வைக்கு ஒரே செம்மண் தளம். ஆனால் உள்பாதி, அதாவது மலையை ஒட்டிய பாதி, ஆண்டாண்டு காலமாக அங்கேயே கிடக்கிற கெட்டி மண். வெளிப்பாதி போன வருடம் கொட்டிய மண். இரண்டுக்கும் நடுவே கோடு எதுவும் கிடையாது. புல் முளைத்துவிட்டால் அவ்வளவுதான், கண்ணால் பிரித்துச் சொல்லவே முடியாது.

இந்த மனையின் அகலம் 11 மீட்டர். அதில் உள்பக்கம் 6 மீட்டர் வெட்டு, வெளிப்பக்கம் 5 மீட்டர் நிரப்பு. கய்யாலைக்கு அப்பால் எட்டடிப் பள்ளம், பள்ளத்தில் அடுத்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி.

அன்று மாலை செய்தது

வண்டியின் மூக்கு மலைப்பக்கம், வால் பள்ளத்துப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினார்கள். காரணம் எளிது: பின் கதவைத் திறந்தால் ரப்பர் மரங்களும் பள்ளத்தாக்கும் தெரியும். முன் சக்கரம் வெட்டு மண்ணில், பின் சக்கரம் நிரப்பு மண்ணில். வால் பக்கம் 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. 3.35 மீட்டர் நீளத்தில் 20 சென்டிமீட்டர் என்றால் சுமார் மூன்றரை டிகிரி. படுத்தால் ஆள் வழுக்குவார், குளியலறைத் தண்ணீர் ஓட்டையை விட்டு விலகி நிற்கும், அலமாரிக் கதவு தானாகத் திறக்கும். மட்டம் செய்தே ஆக வேண்டும் என்று வண்டிக்காரர் நினைத்ததில் தப்பே இல்லை.

செய்த விதம் இது. வண்டியோடு வந்த பாட்டில் ஜாக்கி ஒன்று, மாமாவின் லோடு ஆட்டோவில் இருந்த ஜாக்கி இன்னொன்று. ஜாக்கியின் உயரம் போதவில்லை என்று வீட்டு வேலைக்கு இறக்கி வைத்திருந்த ஹாலோ பிளாக்கை, அந்த 40-20-20 சிமென்ட் கல்லை, படுக்கைவாட்டில் போட்டு அதன் மேல் ஜாக்கியை வைத்தார்கள். பின்பக்கச் சேஸிஸில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து ஏற்றினார்கள். முதல் நாலைந்து அங்குலத்துக்கு ஸ்பிரிங் பட்டை மட்டும் விரிந்தது, சக்கரம் தரையிலேயே இருந்தது. அதற்கு மேல் ஏற்றியதும் பின் சக்கரம் நான்கும் தரையை விட்டு எழும்பின. உள்ளே வைத்திருந்த ரசமட்டத்தில், அந்த ஸ்பிரிட் லெவலில், குமிழி நடுவுக்கு வந்தது. வண்டியைக் கட்டிக் கொடுத்தவர்கள் பின் மூலையில் வைத்திருந்த இரண்டு ஊன்றுகால்களையும் இறுக்கி இறக்கிவிட்டார்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. முதல் கியரில் இருந்தது. வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வெட்டுக்கல் துண்டு.

இதைச் செய்யும்போது ஜாக்கியைச் சரியான இடத்தில் வைக்க வண்டிக்காரர் வண்டிக்கு அடியில் முழுக்கப் படுத்து வேலை பார்த்திருக்கிறார். காயமில்லாத நிகழ்வு என்று இதை நாம் பேச முடிவது, கல் உடைந்தது அந்த நேரத்தில் இல்லை என்பதால் மட்டும்தான்.

இரவு

இரவு பத்து மணிக்கு மேல் மழை வலுத்தது. பின்னிரவில் ஒரு பெரிய சத்தம், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து பின்னோக்கி நகர்ந்தது. மகன் கட்டிலில் இருந்து விழுந்து நெற்றியில் ஒரு வீக்கம். மற்றபடி எல்லோரும் நலம். நகர்ந்த தூரம் 40 சென்டிமீட்டர். கய்யாலைக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் இருந்தது.

நான் காலையில் போனபோது வண்டியை யாரும் தொட்டிருக்கவில்லை. அது பெரிய உதவியாக இருந்தது. இடதுபக்க ஹாலோ பிளாக் நாலைந்து துண்டாகக் கிடந்தது. ஜாக்கி நின்ற மேல்தகடு ஓட்டையின் நடுவிலேயே உள்ளே இறங்கி உடைந்திருந்தது. கல் இருந்த இடத்தில் மண்ணில் ஒரு குழி, அதன் வெளிப்பக்க விளிம்பு உள்பக்க விளிம்பைவிட நான்கு விரல் ஆழம். வலதுபக்கக் கல் முழுசாக இருந்தது, ஜாக்கி மட்டும் மல்லாந்து கிடந்தது. இரண்டு ஊன்றுகாலும் வளைந்துவிட்டன. வெட்டுக்கல் துண்டு சேற்றுக்குள் புதைந்து, அதன் மேல் டயர் ஏறி நின்றது. பின் டயர்களுக்கு அடியில் இழுபட்ட தடம் ஒரு சாண் நீளம், அதற்கு மேல் இல்லை.

அந்தத் தடத்தைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். நிரப்பு மண் நனைந்து, கல் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. கல்லோடு ஜாக்கியும் சாய்ந்தது. எடை முழுதும் ஓட்டைக்கு மேலே இருந்த மெல்லிய தகட்டின் ஒரு ஓரத்துக்குப் போனதும் தகடு உடைந்தது. வண்டியின் இடது பின்பக்கம் விழுந்தது, அந்த அதிர்ச்சியில் வலது ஜாக்கியும் சாய்ந்தது. அதுவரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தது என்ன? இரண்டு ஜாக்கியின் நேர்நிலை, ஒரு வெட்டுக்கல் துண்டு. வேறு எதுவும் இல்லை. சாய்கிற ஜாக்கியோடு வண்டி பின்னுக்கு நகர்ந்தது. பின் டயர் தரையைத் தொட்டதும், அதுவரை வேலையில்லாமல் பூட்டிக் கிடந்த ஹேண்ட் பிரேக் பிடித்தது. ஒரு சாண் இழுபட்டு நின்றது.

ஏன் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை

வண்டிக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். “அண்ணே, ஹேண்ட் பிரேக் நல்லா இழுத்துத்தான் போட்டேன். கியர்லயும் போட்டேன். அப்புறம் எப்படிண்ணே நகரும்?”

அவர் சொன்னது உண்மை. ஆனால் இந்த வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். முன் சக்கரத்துக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை. கியரும் அப்படித்தான். பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் கியர் போட்டு நிறுத்தினால் பூட்டுவது பின் சக்கரம். ஆக, நிறுத்தி வைக்கிற இரண்டு வழியும் ஒரே ஆக்ஸிலில் போய் முடிகின்றன. அந்த ஆக்ஸிலை ஆகாயத்தில் தூக்கிவிட்டால் வண்டி நான்கு பக்கமும் பூட்டிய மாதிரி தோன்றும், உண்மையில் தரையில் நிற்பது சுதந்திரமாக உருளக்கூடிய இரண்டு முன் சக்கரங்கள் மட்டும். மிதி பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும், ஆனால் இரவு முழுக்க யாரும் அதை மிதித்துக்கொண்டு படுப்பதில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பக்கப் பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது. டிஃபரன்ஷியல் வேலையே இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுழல விடுவதுதான். தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்த்திசையில் உருண்டுவிடும், கியர் அப்படியே போட்டபடி இருக்கும். பின் சக்கரத்தில் டிரம்முக்குள் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்கானால் தரையில் இருக்கிற அந்த ஒரு சக்கரத்தைப் பிடிக்கும். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல் நடுத் தண்டில், அந்தப் புரொப்பெல்லர் ஷாஃப்டில், பிடிக்கும். அதில் ஒரு பக்கம் தூக்கினாலே பிடி போய்விடும்.

எவ்வளவு விசை வண்டியைக் கீழே இழுத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். 4,000 கிலோவை 335-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் சுமார் 240 கிலோ. மூன்று பெரிய ஆட்களின் எடை இரவு முழுக்க வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்த அளவு. உள்ளே ரசமட்டம் மட்டம் காட்டினாலும் முன் சக்கரம் நின்ற தரை சரிவுதான், ஜாக்கி நின்ற தரையும் சரிவுதான். இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கல்லும் மண்ணும்

ஹாலோ பிளாக் சுவர் கட்டுவதற்கு நல்ல கல். ஓட்டை மேலும் கீழுமாக இருக்க வைத்து, எடை கல்லின் முழுப் பரப்பிலும் சமமாக இறங்கினால் தாங்கும். படுக்கப் போட்டு, நடுவில் ஓர் இரும்புக் காலை வைத்தால் அது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே இருக்கிற ஓட்டையின் மேல் நிற்கிறது. பாட்டில் ஜாக்கியின் அடிப்பாகம் 11 சென்டிமீட்டர் சதுரம், 121 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கத்து எடை 1,200 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. அதைவிட முக்கியம், சிமென்ட் கல் உடையும் விதம். மரம் உடைவதற்கு முன்னால் நசுங்கும், முனகும், நார் பிரியும். சிமென்ட் கல் எந்த அறிவிப்பும் தராமல் ஒரே அடியில் போகும். எந்த எடையானாலும் சரி, வண்டிக்கு அடியில் சிமென்ட் கல்லோ செங்கல்லோ வெட்டுக்கல்லோ முட்டுக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது.

ஆனால் கல் உடையாமல் இருந்திருந்தாலும் மண் விட்டிருக்கும். கல்லின் அடிப்பரப்பு 800 சதுர சென்டிமீட்டர், 1,200 கிலோவை வகுத்தால் ஒன்றரை கிலோ. கெட்டியான சரல் மண் இதைச் சுலபமாகத் தாங்கும். இடிக்காமல் கொட்டி, ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்காத நிரப்பு மண், நனைந்த பிறகு ஒரு கிலோவைத் தாங்கினாலே பெரிய விஷயம். மாமாவிடம் கேட்டதும் அவர் கை நீட்டிக் காட்டிவிட்டார். “அந்தா அந்தப் பூவரசு வரைக்கும்தான் பழைய மண்ணு மக்களே. அதுக்கு அந்தப் பக்கம் போன வருசம் போட்டதாக்கும்.” மருமகன் கேட்கவில்லை, மாமாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. வீடு கட்டும்போது அஸ்திவாரம் எங்கே ஆழம் போக வேண்டும் என்பதற்காக அவர் மனதில் தெளிவாக வைத்திருந்த கோடு, வண்டி நிறுத்தும்போது பேச்சிலேயே வரவில்லை.

கேட்க ஆள் இல்லாத இடத்தில் கடப்பாரை போதும். இடுப்பு உயரத்தில் இருந்து கடப்பாரையை நேராக விடுங்கள். வெட்டு மண்ணில் ‘டங்’ என்று நின்று கை அதிரும். நிரப்பு மண்ணில் சத்தமில்லாமல் ஒரு விரல்கடை, ஒரு சாண் என்று உள்ளே போகும். அந்தக் காலையில் நாங்கள் இரண்டு அடிக்கு ஒரு இடமாகக் குத்திக்கொண்டே போனோம். பூவரசு வரை ‘டங்’, அதைத் தாண்டியதும் கடப்பாரை உள்ளே இறங்கித் தானாக நின்றது. மண்ணைக் கிளறினால் அறுந்த வேர்த்துண்டு, கறுப்பு மேல்மண், செம்மண் கட்டி எல்லாம் கலந்து வந்தது. கலந்து வந்தாலே அது கொட்டிய மண்.

ஊன்றுகால் பற்றி ஒரு வார்த்தை. கேரவன் மூலைகளில் வருகிற அந்தக் கால்கள் தூக்குவதற்கு இல்லை. உள்ளே ஆள் நடக்கும்போது வண்டி ஸ்பிரிங்கில் ஆடாமல் இருக்க, வண்டி மட்டமாகி நின்ற பிறகு தரையைத் தொடும் அளவுக்கு இறக்குவதற்கு மட்டும். இங்கே அவற்றை எடை தாங்கும் கால் என்று நினைத்துவிட்டார்கள். வண்டியைக் கட்டிக் கொடுத்தவர்கள் இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது இரண்டு நிமிடம் ஆகிற வேலை.

கேஸ்

பின்பக்கப் பெட்டியில் 5 கிலோ சிலிண்டர் கட்டாமல் நிறுத்தியிருந்தது. வண்டி விழுந்தபோது சிலிண்டர் சாய்ந்து, அடுப்புக்குப் போகிற டியூப் கழன்றுவிட்டது. இரவு சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவது அந்த வீட்டம்மாவின் பழக்கம். மூடாமல் இருந்திருந்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு வண்டியின் தாழ்ந்த பக்கத்தில், அதாவது கட்டிலுக்கு அடியில், தேங்கியிருக்கும். இருட்டில் எழுந்தவர் முதலில் தேடுவது லைட் சுவிட்சை. இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. சிலிண்டரை நேராக நிறுத்தி இரும்புப் பட்டையால் கட்டுங்கள், பெட்டிக்கு அடித்தளத்தில் வெளிப்பக்கம் திறக்கிற காற்றுத்துளை வையுங்கள். மட்டம் செய்யத் தொடங்கும் முன்பே ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

மறுபடி நிறுத்தியது

மதியம் மழை விட்டது. ஆட்களையும் தண்ணீரையும் இறக்கி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, வண்டியை டிராக்டரில் கட்டிய பிறகு கட்டையை எடுத்துவிட்டு வெட்டு மண்ணுக்கு இழுத்தோம். அதற்குப் பிறகு வண்டியைத் தொடாமல் தரையை மட்டும் அளந்தோம். பக்கத்து வீட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் மட்டம் வாங்கினோம். தண்ணீர் நிரப்பிய அந்த நீளக் குழாயைவிடத் துல்லியமான கருவி இந்த வேலைக்குத் தேவையில்லை. வண்டி நிற்கப்போகிற நான்கு சக்கர இடத்திலும் ஒரு கம்பு நட்டு, தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு, கோட்டில் இருந்து தரைக்கு அளந்தால் எந்தச் சக்கரம் எவ்வளவு தாழ்வு என்று வண்டி வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

சரிவுவாக்கில் நிறுத்தாமல், சரிவுக்குக் குறுக்காக, மலைப்பக்கம் வெட்டிய கரைக்கு இணையாக நிறுத்தினோம். அப்படிப் பார்த்தால் நீளவாக்கில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அகலவாக்கில் வெளிப்பக்கச் சக்கரங்கள் 8 சென்டிமீட்டர் தாழ்வு. வண்டியை நீளவாக்கில் இழுக்கிற விசை 240 கிலோவில் இருந்து 18 கிலோவாகக் குறைந்துவிட்டது. ஜாக்கியோ கல்லோ வருவதற்கு முன்னாலேயே, திசையை மாற்றியதிலேயே ஆபத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

வெளிப்பக்க இரண்டு சக்கரத்துக்கும் பலகை போட்டு, வண்டியை அதன் மேல் ஓட்டி ஏற்றினோம். குலசேகரத்தில் மரம் அறுக்கும் மில்லில் அயனிப் பலகை வாங்கினோம், 3 சென்டிமீட்டர் கனம். கீழே 120 சென்டிமீட்டர் நீளப் பலகை, மேலே 70 சென்டிமீட்டர் பலகை, இரண்டையும் போல்ட் போட்டு ஒன்றாக்கினோம், படிக்கட்டு மாதிரி. ரப்பர் மரப்பலகை அங்கே மலிவாகக் கிடைக்கும். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தில் பூசணமும் வண்டும் சீக்கிரம் விழும், வெளியே பார்த்தால் தெரியாது, அதனால் வேண்டாம் என்றேன். பின்பக்க இரட்டை டயருக்குப் பலகையின் அகலம் 50 சென்டிமீட்டர் வேண்டும். இரண்டு டயரும் பலகையில் முழுதாக உட்கார வேண்டும். ஒன்று பலகையிலும் மற்றது காற்றிலும் இருந்தால் இரண்டு டயரின் எடையும் ஒன்றின் மேல் வந்துவிடும். ஒற்றை டயரானாலும் பாதி பலகைக்கு வெளியே தொங்கினால் டயரின் உள்நூல் கெடும்.

ஏற்றும்போது ஓட்டுநருக்குத் தெரியும்படி பக்கவாட்டில் தள்ளி ஒருவர் நின்று சைகை கொடுத்தார். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில். ஏறி நின்றதும் ஹேண்ட் பிரேக், எஞ்சினை நிறுத்தி முதல் கியர், உடனே நான்கு கட்டை: உள்பக்கம் தரையில் நின்ற முன், பின் சக்கரங்களுக்கு இருபுறமும். கட்டை என்றால் ஆப்பு வடிவில் அறுத்த, டயரின் வளைவோடு ஒட்டுகிற மரக்கட்டை. கையில் கிடைத்த கல் அல்ல. அதற்குப் பிறகுதான் ரசமட்டம்.

ரசமட்டத்தைக் கட்டிலிலோ மேடையிலோ வைக்காதீர்கள். அவை தச்சரின் மட்டம், வண்டியின் மட்டம் அல்ல. வண்டிக்குள் தரையில், பின் ஆக்ஸிலுக்கு மேலே வையுங்கள். ஒரு முறை பார்த்துவிட்டு ரசமட்டத்தைத் திருப்பி, வலது முனை இடப்பக்கம் வரும்படி வைத்து மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் குமிழி வண்டியின் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் ரசமட்டம் நல்லது. செல்போனில் பார்க்கிறவர்களும் இதையே செய்ய வேண்டும். போனின் பின்பக்கம் கேமரா புடைத்திருந்தால் அதுவே ஒரு டிகிரி பொய் சொல்லும்.

பலகை 6 சென்டிமீட்டர், தாழ்வு 8. மீதி 2 சென்டிமீட்டரை நாங்கள் வேண்டுமென்றே விட்டோம். அந்த வண்டியின் குளியலறை ஓட்டை வெளிப்பக்கம், தண்ணீர் தானாக ஓடியது. ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். அந்த அளவுச் சாய்வு தூங்குகிறவருக்குத் தெரியாது, தலைப்பக்கம் உயரமாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்களிடம் இருந்தது கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ், அது நல்ல சாய்விலும் ஓடும். கேஸில் ஓடுகிற அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். அதில் பம்ப் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாயில் இறங்கி ஓடுகிறது. பல மாடல்களுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி வரைதான் என்று சொல்வார்கள். அதிகம் சாய்ந்து நெடுநேரம் ஓடினால் கரைசல் கொதிகலனில் தேங்கிச் சூடாகி, குழாய் அடைத்து, ஃபிரிட்ஜே போய்விடும்.

உள்பக்கக் கரைக்கும் ஒரு கணக்கு உண்டு. அது புதிதாக வெட்டிய கரை, 2 மீட்டர் உயரம். அடைமழையில் இப்படிப்பட்ட கரை சரிவது எங்கள் பக்கம் வருடா வருடம் நடக்கிறது. அதனால் கரையில் இருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நிறுத்தினோம். கரைக்கும் நிரப்பு மண்ணுக்கும் நடுவே வண்டி நிற்கக் கிடைத்த இடம் அவ்வளவுதான், ஆனால் போதுமானதாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்தும், இரவு மழை பெய்து ஓய்ந்த பிறகும் ரசமட்டத்தை மறுபடி பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவையும் குமிழி நகரவில்லை.

இணையாக நிறுத்த இடமே இல்லை, சரிவுவாக்கில்தான் நிற்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அந்தக் காலையில் மாமா கேட்ட நல்ல கேள்வி. வண்டியைத் திருப்பி, மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வையுங்கள். அப்போது தாழ்ந்திருப்பது முன்பக்கம், உயர்த்த வேண்டியது முன் சக்கரம். அதைப் பலகையில் ஓட்டி ஏற்றலாம். கனமான பின்பக்கம் கெட்டி மண்ணில் நிற்கும், ஹேண்ட் பிரேக்கும் கியரும் பிடிக்கிற சக்கரம் தரையிலேயே இருக்கும். முன் சக்கரம் இழுக்கிற வண்டிகளில் கியர் பூட்டுவது முன்பக்கம், ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்பக்கம். அங்கேயும் பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் போய்விடும், ஆகவே விதி மாறவில்லை. பலகை உயரம் 10, 12 சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் அந்த இடம் வேண்டாம். வேறு இடம் பாருங்கள்.

சொத்தவிளை, முட்டம் பக்கம் கடலோர மணலில் சரிவு குறைவு, ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் பலகை வேண்டும், இல்லாவிட்டால் மாலையில் பார்த்த மட்டம் காலையில் இருக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மண் கெட்டி, அங்கே சிக்கல் காற்று. அவ்வளவு காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்துவிட்டு, அப்புறம் மட்டத்தைப் பாருங்கள். தென்னைக்கு அடியில் எங்கேயும் வேண்டாம். காற்று மழையில் ரப்பர் மரத்தின் கிளை சட்டென்று முறியும், அதற்கு அடியிலும் வேண்டாம்.

கிளம்பும்போது வரிசை அப்படியே தலைகீழ்: ஊன்றுகாலை மேலே ஏற்றுவது முதல் வேலை, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்த பிறகு கட்டையை எடுப்பது கடைசி வேலை. நிற்கும்போது வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கடைசி வரை எடுக்கக் கூடாது.

மாமா அந்த மனையில் இப்போது வெட்டு மண் பகுதியில் 7 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் சல்லி பரப்பி, ரோலர் விட்டு இடித்து வைத்திருக்கிறார். கரைப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரை ரோட்டோரத்துக்குத் திருப்பியிருக்கிறார். பூவரசை ஒட்டி, கய்யாலைக்கு இணையாக வெள்ளைக் கற்கள் நட்டிருக்கிறார், வண்டி அதைத் தாண்டக் கூடாது என்பதற்கு. மருமகன் ஜாக்கியை விட்டுவிடவில்லை, பஞ்சருக்கு வேண்டுமே. அதற்கு அடியில் வைக்க 40 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு கனமான அயனிப் பலகை வண்டியில் எப்போதும் இருக்கிறது. அதன் மேல் ஜாக்கியை வைத்தால் மண்ணுக்கு இறங்குவது சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோதான்.